ஸ்கைலாப் விழுந்த ராத்திரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டீயும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அம்மாவின் போன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மழை பெய்ததா இல்லையா, யார் வீட்டில் விசேஷம், முட்டி வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் பேசி முடித்தபிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏய்யா, அமெரிக்காக்காரன் மேல ஒரு பெரிய தொலைநோக்கி விட்டிருக்கானாம்ல. அது கீழ விழப் போகுதுன்னு டிவியில சொன்னான். நீ இருக்க பக்கம் ஒண்ணும் விழாதுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கடல்ல விழும்" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான சொன்னாங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

'அன்னைக்கு' என்று அவள் சொன்னது 1979 ஜூலை 11. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். போனை வைத்தபிறகு சும்மா இருக்க முடியாமல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஹப்பிள் தொலைநோக்கி பூமத்திய ரேகைக்கு வடக்கே 28.5 டிகிரி வரைக்கும், தெற்கே 28.5 டிகிரி வரைக்கும்தான் போய் வரும். அந்த எல்லைக்கு வெளியே அது விழவே விழாது. நான் குடியிருக்கும் குர்கான் எங்கே இருக்கிறது? 28.46 டிகிரி வடக்கு. எல்லைக் கோட்டின் மேலேயே!

அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆட்டை விற்ற தாத்தா

1979-ல் எனக்கு ஒன்பது வயது. ஸ்கைலாப் என்ற பெயர் எங்கள் ஊர் டீக்கடைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. ரேடியோ செய்தியில் வந்திருக்கும், பேப்பரில் வந்திருக்கும். வந்தபிறகு அது எங்கள் ஊர்ச் சரக்காகிவிட்டது. மெட்ராஸில்தான் விழும் என்றார் ஒருவர். இல்லை, தூத்துக்குடி என்றார் இன்னொருவர். விழுகிற இடத்தில் பத்து மைல் சுற்றளவுக்குப் புல் பூண்டு மிஞ்சாது என்று எங்கள் வாத்தியாரே சொன்னதாக ஞாபகம்.

ஊரில் அந்த வாரம் கோழிக் குழம்பு மணக்காத வீடு இல்லை. தீபாவளிக்கென்று வளர்த்த சேவலை எங்கள் ஆச்சி அன்றைக்கே அடித்துவிட்டாள். "சாவுறதுன்னு ஆகிட்டா, அதை யாருக்கு விட்டுட்டுப் போறது?" என்பது அவள் நியாயம். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

கீழத்தெருவில் ஒரு தாத்தாவுக்கு மட்டும் கொண்டாட்டமில்லை. அவரிடம் எட்டு வெள்ளாடு இருந்தது. அதுதான் அவர் சொத்து. 'எல்லாம் போகப் போகுது, இப்பவே காசாக்கிக்கோ' என்று யாரோ சொல்ல, வந்த வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் காலை உலகம் அப்படியே இருந்தது. ஆடு மட்டும் இல்லை. வியாபாரி அதற்குள் சாத்தூர் சந்தைக்குப் போய்விட்டான். தாத்தா அதற்கப்புறம் ஆடு வாங்கவே இல்லை. கடைசி வரைக்கும் கூலிக்குத்தான் போனார்.

ஊரில் பல வருஷம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால், ஸ்கைலாபால் எங்கள் ஊரில் உண்மையாகவே அடிபட்டவர் அவர் ஒருவர்தான். ஒரு துண்டு இரும்புகூட வந்து விழாமலே அடிபட்டார்.

சூரியனைப் பார்க்கப் போய்...

சரி, இந்த ஸ்கைலாப் என்பது என்ன? அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். 1973 மே 14 அன்று சாட்டர்ன்-5 ராக்கெட்டில் போனது. கிளம்பிய ஒரு நிமிடத்திலேயே வெப்பத் தடுப்பும் ஒரு சூரியத் தகடும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. பின்னாலேயே போன வீரர்கள் குடை மாதிரி ஒன்றை விரித்து அதைக் காப்பாற்றினார்கள். மூன்று குழுக்கள் முறையே 28, 59, 84 நாட்கள் அங்கே தங்கின. கடைசிக் குழு 1974 பிப்ரவரி 8-ல் பூமிக்குத் திரும்பியது.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அது பாதி தொலைநோக்கி. சூரியனைப் பார்ப்பதற்கென்றே எட்டுக் கருவிகள் கொண்ட ஒரு பெரிய கூடம் அதோடு இணைத்திருந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சூரியப் படங்களை எடுத்தார்கள். எல்லாம் ஃபிலிமில். வீரர்களே வெளியே போய் ஃபிலிம் பெட்டியைக் கழற்றி மாட்டினார்கள்.

கடைசிக் குழு கிளம்பும்போது நிலையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு வந்தது. எண்பதுகளின் ஆரம்பம் வரைக்கும் தாங்கும் என்பது நாசாவின் கணக்கு. அதற்குள் ஸ்பேஸ் ஷட்டில் வந்துவிடும், அதில் போய் இன்னும் உயரத்தில் ஏற்றிவிடலாம் என்று திட்டம்.

இரண்டு கணக்கும் தப்பின. ஷட்டில் 1981 ஏப்ரலில்தான் முதல்முறை பறந்தது. இரண்டாவது தப்பை நடத்தியது சூரியன்.

அது எப்படி? ஸ்கைலாப் சுற்றிய 435 கிலோமீட்டர் உயரத்தில் காற்றே இல்லை என்றுதான் நாம் படித்திருப்போம். இருக்கிறது, மிக மிக மெல்லியதாக. அதில் ஒரு பொருள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தால், அந்த மெல்லிய காற்றுகூட ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கலம் கொஞ்சம் இறங்கும். இறங்கினால் வேகம் குறையும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. கீழே வர வர வேகம் கூடும். வேகம் கூடக் கூட, காற்றும் அடர்த்தியாக ஆக ஆக, இழுவையும் கூடும். முதல் நூறு கிலோமீட்டர் இறங்க வருஷக்கணக்காகும். கடைசி நூறு கிலோமீட்டர் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. ஆரம்பத்தில் தெரியவே தெரியாது.

இதில் சூரியன் எங்கே வருகிறது? சூரியனுக்கு சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை உச்சம் வரும். அப்போது அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் நமது வளிமண்டலத்தின் மேல்பகுதியைச் சூடாக்கும். சூடானால் காற்று உப்பும். நேற்று வரைக்கும் கீழே இருந்த காற்று இன்றைக்கு மேலே வந்து கலத்தை உரசும். எழுபதுகளின் கடைசியில் வந்த உச்சம் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது.

ஒன்றரை லட்சம் படம் எடுத்து எந்தச் சூரியனை ஆராய்ந்ததோ, அதே சூரியன்தான் ஸ்கைலாபைக் கீழே இழுத்துப் போட்டது.

152-ல் ஒன்று

விழுவதற்கு முன் நாசா ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் யாராவது ஒருவர் மேல் துண்டு விழுவதற்கான வாய்ப்பு 152-ல் ஒன்று. குறிப்பிட்ட ஒருவர் மேல், உதாரணமாக எங்கள் ஆச்சி மேல், விழுவதற்கான வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று.

இரண்டும் ஒரே கணக்குதான். முதலாவதைக் கேட்டால் வயிறு கலங்கும். இரண்டாவதைக் கேட்டால் தூக்கம் நன்றாக வரும். எங்கள் ஊருக்கு இரண்டுமே வரவில்லை, வதந்தி மட்டும் வந்தது. அரசாங்கம் போலீஸை உஷார்படுத்தியது. ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான், 1978 ஜனவரியில், காஸ்மாஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் வடக்குக் கனடாவில் விழுந்து அணுஉலைத் துண்டுகளைப் பனியில் இறைத்திருந்தது. ஸ்கைலாபில் அணுஉலை கிடையாது. ஆனால் எடை? சுமார் 77 டன்!

ஜூலை 11 அன்று கடைசிச் சுற்றில், கலத்தைக் குட்டிக்கரணம் போடவைத்து விழும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே கடலில் விழ வேண்டும் என்பது உத்தேசம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக உடையாமல் தாக்குப்பிடித்தது. இந்திய நேரம் இரவு பத்து மணி சுமாருக்கு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊரைச் சுற்றித் துண்டு துண்டாகச் சிதறியது. பூமியை 34,981 முறை சுற்றியபிறகு!

யாருக்கும் காயமில்லை. முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் என்று ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை அறிவித்திருந்தது. எஸ்பரன்ஸைச் சேர்ந்த 17 வயதுப் பையன் தன் வீட்டருகே விழுந்த துண்டை எடுத்துக்கொண்டு விமானமேறிப் போய் வாங்கிவிட்டான். அந்த ஊர் நிர்வாகம் 'பொது இடத்தில் குப்பை போட்டதற்கு' நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. நாசா கட்டவில்லை. 2009-ல் ஒரு அமெரிக்க ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார்.

(அந்த வாரம் இந்தியாவில் விழுந்தது மொரார்ஜி தேசாய்தான். ஜூலை 15-ல் ராஜினாமா. அடுத்த மாதம் 10-ம் தேதி, கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1979 எல்லாம் விழுந்த வருஷம் போலிருக்கிறது!)

உயிரோடு இருந்ததைக் கடலில் போட்டார்கள்

ஸ்கைலாபில் பட்டபிறகு ஒரு கேள்வி வந்தது. பெரிய கலத்தை மேலே அனுப்பும்போதே, அதை எப்படி இறக்குவது என்றும் யோசிக்க வேண்டாமா?

அதற்கு நல்ல உதாரணம் காம்ப்டன் காமா கதிர் தொலைநோக்கி. 1991 ஏப்ரல் 5-ல் அட்லாண்டிஸ் ஷட்டிலில் போனது. சுமார் 17 டன் எடை. மேலே போனதும் அதன் ஆன்டெனா விரியாமல் அடம்பிடிக்க, ஒரு வீரர் வெளியே போய்க் கையால் ஆட்டி விரித்தார். (நம் வீட்டு மொட்டை மாடி ஆன்டெனா ஞாபகம் வருகிறதா?) அண்டத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் திடீர் திடீரென்று வரும் காமா கதிர் வெடிப்புகள் நம் பால்வீதிக்குள்ளேயே நடப்பவை அல்ல, வெகு தொலைவிலிருந்து வருபவை என்ற முடிவுக்கு அது சேகரித்த கணக்குதான் வலுவான ஆதாரம் கொடுத்தது.

முக்கியமான விஷயம், அதற்குச் சொந்தமாக எஞ்சினும் எரிபொருளும் இருந்தன.

1999 டிசம்பரில் கலத்தின் திசையைப் பிடித்து வைக்கும் ஜைரோஸ்கோப் மூன்றில் ஒன்று செத்துப்போனது. மீதி இரண்டையும் வைத்து ஓட்டலாம், அதுவும் போனால்கூட வேறு வழி இருக்கிறது என்றார்கள் விஞ்ஞானிகள். கருவிகள் நன்றாகத்தான் வேலை செய்தன. ஆனால் இன்னொரு ஜைரோ போய், கட்டுப்பாடும் போய், தானாக விழுந்தால்? யாராவது ஒருவர் அடிபட ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றது கணக்கு. காம்ப்டனும் ஹப்பிள் மாதிரியே 28.5 டிகிரிப் பாதையில்தான் சுற்றியது. அந்தப் பட்டைக்குள் யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். இந்தியாவின் பெரும்பகுதி, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, மெக்சிகோ, பிரேசில்.

நாசா யோசித்து முடிவெடுத்தது. 2000 ஜூன் 4 அன்று, எஞ்சினைக் கடைசியாக எரியவிட்டு, ஆளில்லாத பசிபிக் நடுக்கடலில் அதை இறக்கினார்கள். வேலை செய்துகொண்டிருந்த தொலைநோக்கியை!

அந்த விஞ்ஞானிகளின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்று யார் தலை என்று யோசித்தால், அந்த முடிவை எடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால்

எஞ்சின் இல்லாத தொலைநோக்கிக்கு என்ன ஆகும்? அதற்கான பதில் நம் வங்காள விரிகுடாவிலேயே கிடக்கிறது.

ரோசாட், ஜெர்மானியர்களின் எக்ஸ்ரே தொலைநோக்கி. 1990 ஜூன் 1-ல் ஏவினார்கள். ஒன்றரை வருஷ வேலைக்குப் போனது எட்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது. வால்நட்சத்திரத்திலிருந்து எக்ஸ்ரே வருவதை முதன்முதலில் கண்டுபிடித்தது இதுதான், 1996-ல். 1999 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்தார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் யாருக்கும் வேண்டாத பொருளாக இறங்கிக்கொண்டே இருந்தது. எஞ்சின் கிடையாது. யாரும் அதை எதுவும் செய்ய முடியாது.

எடை 2.4 டன்தான். ஸ்கைலாபோடு ஒப்பிட்டால் கொசு. ஆனால் அதில் 1.7 டன் வரைக்கும், முப்பது துண்டுகளாகத் தரைக்கு வரலாம் என்றார்கள். வழக்கமாகச் செயற்கைக்கோளில் பெரும்பகுதி எரிந்து போகும். இதில் மட்டும் ஏன் இவ்வளவு மிஞ்ச வேண்டும்?

காரணம் அதன் கண்ணாடி. சூடு பட்டாலும் குளிர் பட்டாலும் துளிகூட விரியாத, சுருங்காத விசேஷக் கண்ணாடிப் பீங்கானில் செய்தது. அப்படி இருந்தால்தான் படம் பிசிறில்லாமல் விழும். அதே குணம்தான் எரியவிடாமலும் காப்பாற்றும். தொலைநோக்கியை நல்ல தொலைநோக்கியாக்கியது எதுவோ, அதுவே அதை ஆபத்தான குப்பையாகவும் ஆக்கியது. யாராவது அடிபட 2,000-ல் ஒரு வாய்ப்பு என்று அறிவித்தார்கள்.

2011 அக்டோபர் 23, ஞாயிறு. இந்திய நேரம் காலை 7:20-க்கு, முன்னே பின்னே ஏழு நிமிடம், ரோசாட் வங்காள விரிகுடாவுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்தது.

ஏழு நிமிடம்தானே என்று தோன்றும். இந்த வேகத்தில் ஒரு நிமிடம் என்பது சென்னையிலிருந்து மதுரை. ஏழு நிமிடம் என்பது ஏறக்குறைய கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர். விழுந்து முடிந்தபிறகே இவ்வளவுதான் துல்லியம் என்றால், விழுவதற்கு முந்தைய நாள் யாரால் என்ன சொல்ல முடியும்? 'ஊரைக் காலி பண்ணுங்கள்' என்று எந்த ஊருக்குச் சொல்வது?

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை தீபாவளி. வெள்ளிக்கிழமை ராத்திரி டெல்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து, ஞாயிறு காலை ஏழு மணி சுமாருக்குச் சென்ட்ரலில் இறங்கினோம். இரண்டு பெட்டி, மூன்று பை, தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள். வீட்டுக்காரி இட்லி எங்கே கிடைக்கும் என்று தேட, நான் பிளாட்பாரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்தக் கடலுக்கு மேலேதான் எங்கேயோ அது எரிந்துகொண்டே இறங்கியிருக்கிறது. பிளாட்பாரத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 1979-ல் விழாததற்கு ஊரே பயந்து கிடந்தது. 2011-ல் பக்கத்திலேயே விழுந்ததற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

ஹப்பிளின் கடன்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

ஹப்பிள் 1990 ஏப்ரல் 24-ல் டிஸ்கவரி ஷட்டிலில் போனது. 2.4 மீட்டர் கண்ணாடி, 11 டன் எடை, சுமார் 610 கிலோமீட்டர் உயரம். கண்ணாடியின் ஓரம் முடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு அளவுக்குத் தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்ததும், 1993-ல் வீரர்கள் போய் அதற்கு 'மூக்குக்கண்ணாடி' மாட்டியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதற்கும் எஞ்சின் கிடையாது. எஞ்சினின் புகை கண்ணாடியில் படியும் என்ற பயம் ஒன்று. ஷட்டில்தான் இருக்கிறதே என்ற தைரியம் இன்னொன்று. ரிப்பேருக்குப் போகிற ஷட்டில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு வரும். கடைசியில் ஒருநாள் சரக்கு அறையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து மியூசியத்தில் வைக்கலாம். அதுதான் திட்டம்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா சிதறியது. இந்த ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவருவதற்காக ஏழு உயிரைப் பணயம் வைப்பதா? மியூசியத் திட்டம் அதோடு முடிந்தது. கடைசி ரிப்பேரையே 2004 ஜனவரியில் ரத்து செய்து, பிறகு பெரிய போராட்டத்துக்குப் பின் 2006-ல் மறுபடியும் அனுமதித்தார்கள். 2009 மே மாதம் கடைசியாகப் போன வீரர்கள் புதுக் கருவிகளோடு இன்னொன்றையும் ஹப்பிளின் அடியில் மாட்டிவிட்டு வந்தார்கள். ஒரு வளையம். என்றாவது ஒருநாள் ஒரு ஆளில்லாத கலம் வந்து அதைப் பிடித்துப் பத்திரமாகக் கடலில் இறக்குவதற்கு.

அந்தக் கலத்தை இதுவரை யாரும் செய்யவில்லை.

2024 ஜூனில், வேலை செய்யும் ஜைரோக்கள் குறைந்துபோய், ஒரே ஜைரோவில் ஓட்ட ஆரம்பித்தார்கள். உயரம் 515 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. தனியார் கலம் ஒன்றை அனுப்பி மேலே தள்ளலாமா என்று ஆராய்ந்துவிட்டு, அதே மாதம் இப்போதைக்கு வேண்டாம் என்று நாசா முடிவு செய்தது. இப்படியே விட்டால் 2030-களின் நடுவில் விழலாம் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்கா தனக்குத் தானே வகுத்துக்கொண்ட வரம்பு, யாராவது அடிபட வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது. ஹப்பிள் தானாக விழுந்தால் அந்த வரம்பைத் தாண்டும். அதனால்தான் அந்த வளையம்.

செய்ய முடியாத காரியமா? ஸ்விஃப்ட் என்று இன்னொரு தொலைநோக்கி 2004-லிருந்து மேலே இருக்கிறது. அதுவும் சூரிய உச்சத்தில் வேகமாக இறங்க ஆரம்பிக்க, அதைப் பிடித்து மேலே தூக்க ஒரு சிறு நிறுவனத்துக்கு 2025 செப்டம்பரில் நாசா 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. மனசும் காசும் இருந்தால் வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

குர்கான் கணக்குக்கு வருகிறேன். ஹப்பிள் ஏன் 28.5 டிகிரி? அது கிளம்பிய கேப் கனாவெரல் இருப்பது அந்த அட்சரேகையில். நேர் கிழக்கே ஏவினால் அந்தச் சாய்வுதான் வரும். குர்கானும் கேப் கனாவெரலும் ஒரே அட்சரேகை என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது! ஊஞ்சல் இரண்டு முனையிலும் கொஞ்சம் தயங்கி நின்று திரும்பும் இல்லையா, அதுபோல இந்தக் கலங்களும் பாதையின் வடக்கு, தெற்கு ஓரங்களில்தான் அதிக நேரம் இருக்கும். ஆகவே சதுர மைலுக்குச் சதுர மைல் பார்த்தால், கோவில்பட்டியைவிடக் குர்கானுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அம்மா சரியான ஆளைப் பார்த்துத்தான் கவலைப்பட்டிருக்கிறாள்.

அதற்காக யாரும் பெட்டி கட்ட வேண்டாம். தனி ஒருவர் மேல் விழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. குர்கானில் தினமும் ரோட்டைக் கடக்கிறேன், அதைவிட இது எவ்வளவோ தேவலை.

நம்முடையது யார் தலையில்?

இதுவரை எல்லாம் அடுத்தவன் போட்ட குப்பை. நம்முடையது?

நமக்கும் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. ஆஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28-ல் பி.எஸ்.எல்.வி-யில் போனது. ஐந்து வருஷத்துக்கென்று போனது, பத்து வருஷத்தைத் தாண்டியது. 650 கிலோமீட்டர் உயரம், 6 டிகிரிச் சாய்வு. கருவிகளைத் தொந்தரவு செய்யும் கதிர்வீச்சு வளையத்தைத் தவிர்க்கத்தான் அந்தச் சின்னச் சாய்வு. அதுவும் ஒருநாள் இறங்கத்தான் வேண்டும், காற்றுக்கு நம்மவர், அந்நியர் என்று கிடையாது.

6 டிகிரி என்பதை வரைபடத்தில் பார்த்தேன். கன்னியாகுமரி 8 டிகிரி. நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனைகூட 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான். அதாவது, ஆஸ்ட்ரோசாட் இந்திய மண்ணுக்கு நேர் மேலே போவதே இல்லை. நம் தலையில் அது விழ வாய்ப்பே கிடையாது.

அப்படியானால் அதன் பாதைக்குக் கீழே யார்? சிங்கப்பூர், கோலாலம்பூர், மாலத்தீவு, இந்தோனேசியா, கென்யா, காங்கோ, பிரேசிலின் வடக்கு. என் சித்தி மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். அவள் பெண் ஒருநாள் போன் போட்டு, "மாமா, உங்க ஊர் சேட்டலைட் எங்க ஊர்ல விழுமா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஆஸ்ட்ரோசாட் ஒன்றரை டன்தான், பெரும்பகுதி எரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கேட்க அவளுக்கு உரிமை உண்டு, எங்கள் ஆச்சிக்கு 1979-ல் இருந்த மாதிரியே.

2023 ஜூலையில் நடந்தது இன்னும் பொருத்தம். பெர்த்துக்கு வடக்கே கிரீன் ஹெட் என்ற ஊரின் கடற்கரையில் ஆளுயரத்துக்கு ஒரு பெரிய உலோக உருளை ஒதுங்கியது. விசாரித்தார்கள். நம் பி.எஸ்.எல்.வி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு. ஸ்கைலாப் விழுந்த அதே மேற்கு ஆஸ்திரேலியா! இந்தத் தடவை யாரும் அபராதம் எழுதவில்லை.

நல்ல காரியமும் செய்திருக்கிறோம். மேகா-டிராபிக்ஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோளை, அப்படி இறக்குவதற்காக வடிவமைக்காததாக இருந்தும், மீதமிருந்த எரிபொருளைக்கொண்டு படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7-ல் பசிபிக் கடலில் இஸ்ரோ இறக்கியது. 2030-க்குள் இந்தியாவின் விண்வெளிப் பயணங்கள் குப்பையில்லாதவையாக இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்திருக்கிறார்கள். நடந்தால் பெருமைதான்.

இத்தனையும் படித்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். விழுவது யார் தப்பும் இல்லை, அது காற்றும் சூரியனும் செய்யும் வேலை. எப்படி விழும் என்பது மட்டும் கிளம்புவதற்கு முன்பே நிச்சயமாகிவிடுகிறது. வரைபடம் போடும் மேஜையில் 'இறக்கவும் எஞ்சின் வை' என்று ஒருவர் சொன்னாரா இல்லையா என்பதில் இருக்கிறது. காம்ப்டனுக்குச் சொன்னார்கள். ரோசாட்டுக்குச் சொல்லவில்லை. ஹப்பிளுக்கு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். அந்த மேஜையில் கீழத்தெரு தாத்தாவுக்கு நாற்காலி கிடையாது. அதனால் அவருக்காக யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று அம்மாவுக்கு நானே போன் போட்டேன். இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். "ஆமாம்மா, விழும். இன்னும் எட்டு பத்து வருஷம் இருக்கு. என் பக்கம் விழ வாய்ப்பு இருக்கு, ஆனா ரொம்ப ரொம்பக் கம்மி. ஒரு மிஷினை அனுப்பி அதைக் கடல்ல இறக்கலாம். இறக்குவாங்களான்னு பார்க்கணும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப ஆட்டை விக்க வேண்டாங்கிற?"

"வேண்டாம்மா."

"இதை அன்னைக்கு ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா, அந்தத் தாத்தா பாவம், பிழைச்சிருப்பாரு."